டாப் கேரியர்

வண்டி இன்னும் எங்களுடையது இல்லை.
பதினாலு தவணை பாக்கி.
அதனால் கூரையில் ஒரு ஓட்டைகூடப் போடக்கூடாது என்று
முதல் நாளே முடிவாகிவிட்டது.
துளையில்லாமல் பிடிக்க வேண்டும்,
மழைத்தண்ணீர் வழிகிற அந்த விளிம்பை மட்டும் நம்பி,
ஒற்றைக் கையில் பஸ் கம்பியைப் பிடித்துத்
தொங்குகிறவனைப் போல.

ராயக்கோட்டை ரோட்டில் இரும்பு கிலோ கணக்கு.
ஒரு இன்ச் சதுரக் குழாய், பட்டைக் கம்பி,
நட்டு போல்ட் ஒரு கைப்பிடி.
கடைக்காரர் திம்மராயனிடமே பேசினார்:
'வெல்டருக்கு ஆள் சொல்லட்டுமா?'
திம்மராயன் என்னைப் பார்த்தார்.
நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெறும் தட்டிலேயே முந்நூறு கிராம் காட்டியது.

ஓசூர் கம்பெனியில் எட்டு வருஷம்.
அங்கே பற்றவைப்பது ரோபோ.
கூண்டுக்கு வெளியே நிற்பேன்,
பச்சை எரிந்தால் பொத்தானை அழுத்துவேன்.
ஒரு ஷிப்டுக்கு நானூற்று இருபது சட்டம்,
ஒன்றின் முகம்கூட நினைவில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாடகை மெஷின்.
முதல் ராடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.
இரண்டாவது குழாயைத் தின்றது.
மூன்றாவதில் கைக்கு ஞாபகம் வந்தது,
ஐடிஐயில் படித்தது,
உருகிய சின்னக் குட்டையை
அவசரப்படாமல் இழுத்துப் போகிற அந்த நிதானம்.
'என்ன அக்கா, கட்டிலா?'
மாடியிலிருந்து நசீமா.
முகமூடிக்குள் இருந்ததால்
பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

தரை சமமில்லை என்பது
நிமிர்த்தி வைத்த பிறகுதான் தெரிந்தது.
நாலு காலில் ஒன்று அந்தரத்தில்.
அதன்மேல் திம்மராயன் ஏறி நின்றார்.
எழுபத்தெட்டு கிலோ.
குழாய் கொஞ்சம் யோசித்தது,
முனகியது,
இறங்கி வந்தது.
'இந்த உடம்புக்கு இன்னைக்குத்தான் ஒரு வேலை' என்றார்.
விளிம்புக்கும் கவ்விக்கும் நடுவே
பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி வைத்தேன்,
பைனான்ஸ்காரர் பெயின்டில் கீறல் விழாமல்.

நீளம் அளந்தோம். அகலம் அளந்தோம்.
கேட்டின் உயரம் அளந்தோம், ரயில்வே பாலத்தையும்.
கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று
மூன்று பேரிடம் கேட்டோம்,
மூன்று பதில், குறைந்ததை எடுத்துக்கொண்டோம்.

செவ்வாய் விடியலில் சந்தூர் நர்சரி.
அறுபது ஒட்டுக்கன்று,
பீத்தர் நாற்பது, செந்தூரா இருபது.
குப்பத்தில் ஆள் காத்திருக்கிறார்.
பர்கூர் தாண்டி நாலுவழிச் சாலையில்
எண்பதைத் தொட்டதும்
தலைக்கு மேலே யாரோ ஊத ஆரம்பித்தார்கள்.
குழாய்களின் வாயை நான் அடைக்கவில்லை.
எட்டு வாய். எட்டும் வேறு வேறு சுருதி.
எதிரே போன லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தார்.
அறுபதுக்குக் குறைத்தால் மௌனம்,
எழுபதில் முனகல்,
மகாராஜகடை வரைக்கும்
சிரித்துக்கொண்டேதான் போனோம்.

குப்பத்தில் இறக்கினால்
இலைகளெல்லாம் நார் நாராக.
முனிவெங்கடப்பா ஒரு கன்றை விரலால் தடவி
'காலி தகிலிந்தி' என்றார்.
காலி என்றால் அவர்களுக்குக் காற்று.
அன்றைக்கு எனக்குத் தமிழிலும் சரியாகவே கேட்டது.
பத்தொன்பது கன்றைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு
முன்குழாயில் தேங்காய்நார்க் கயிறு சுற்றினேன்,
பாம்பு ஏறுவதுபோல் இடைவெளி விட்டு.
காற்று அதில் இடறி உடைந்துபோகுமாம்,
கம்பெனியில் ஒரு பையன் சொன்னான்.
வாய்களுக்குத் தகடு.
மேலே தார்ப்பாய், முன்பக்கம் சரிவாக ஒரு பலகை.
இப்போது ஒரே ஒரு சுருதிதான் மிச்சம்.
அதை விட்டுவைத்திருக்கிறேன்.
எண்பதைத் தாண்டினால் காட்டிக்கொடுக்கும்.

போன மாதம் தவணை தவறியது.
போனில் ஒருத்தர், மரியாதையாகத்தான்,
வண்டியை எடுக்க வருவோம் என்றார்.
வரட்டும்.
நாலு கவ்வி, எட்டு நட்டு,
பத்து நிமிஷம் போதும், கேரியர் தனியாக வந்துவிடும்.
அதற்குத் தவணை கிடையாது.
பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர்
சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது.